மாப்ளைக்கு: இந்தத் தடவை மிக்ஸருக்குப் பின்னாடி

மாப்ள,

வர்ற சனிக்கிழமையோட ரெண்டு வருஷம். எதுக்கு ரெண்டு வருஷம்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. வாட்சப்ல அனுப்பினா பாதியிலயே மூடிடுவே, அதான் இங்க எழுதறேன். தங்கச்சி படிப்பா, நம்ம கூட்டமும் படிக்கும். அதனால முன் வரிசை யாரோட ஆசைங்கறத எழுதாம விடறேன்.

போன தடவை முன் வரிசையில நின்னு கேட்டோமே, அதே அமெரிக்க கண்ட்ரி பாட்டு ஜோடி ப்ரூக்ஸ் அண்ட் டன் கச்சேரிக்கு மறுபடி ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். மேடைச் சத்தத்த ஏத்தி இறக்கற பலகை, அந்த சவுண்ட் மிக்ஸருக்கு நேர் பின்னாடி. அதுல உக்காந்திருக்கறவரு தன் காதுக்குக் கேக்கறத வெச்சுதான் எல்லாத்தையும் ஏத்தி இறக்குவாரு. அவரு கேக்கற பாட்டு அப்படியே நமக்கும் கிடைக்கும்.

மேடைக்குக் கீழ தரையில அடுக்கியிருக்கற பெட்டிங்க சப்வூஃபர், அடித்தள சத்தத்துக்கான ஸ்பீக்கர். மேல வளைஞ்சு தொங்கற ஸ்பீக்கர் வரிசை குறி வெக்கறது கூட்டத்தோட நடுவையும் கடைசியையும். தடுப்புக் கம்பிய ஒட்டி நிக்கறவனுக்கு டிரம்மும் கிதார் ஆம்பும் சப்வூஃபரும் நேரா நெஞ்சுல அடிக்கும், குரல் மட்டும் தெளிவா வராது. வார்த்தை கேக்கலையேன்னு இன்னும் முன்னாடி நகர்ந்தோமே, அது தப்பு. நகர நகர அடிதான் கூடும்.

காதுக்குக் கணக்கு இருக்கு. 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம். அதுக்கு மேல 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதிபாதியாக் குறையும். 100 டெசிபல் வந்தா 15 நிமிஷம்தான். முதல்ல பாடறவங்க அரை மணி, முக்கா மணி. மேடை மாத்த இன்னொரு அரை மணி. அப்புறம் இவங்க ஒண்ணரை மணி நேரம் பாடினா, 15 நிமிஷம் எந்த மூலைக்கு?

டன் பெரும்பாலும் மைக்க விட்டு நகர மாட்டாரு. தொப்பியோட மேடை பூரா ஓடறது ப்ரூக்ஸ். டன் ஒருத்தரே முக்காவாசிப் பாட்டையும் பாடறாரேன்னு அன்னிக்கு நீ கேட்டே. 1991ல முதல் ஆல்பம் வந்ததுலேர்ந்து அவங்க பாணி அது. ப்ரூக்ஸ் முன்னணியில பாடற பாட்டு கொஞ்சம்தான், ஆனா ஜனத்தை எழுப்பி விடறது அவருதான்.

பெடல் ஸ்டீல்னு படுக்க வெச்ச கிதார் மாதிரி ஒரு வாத்தியம், அத வாசிக்கறவரை அன்னிக்கு நீ பாக்கவே இல்ல. அவரு உக்காந்து வாசிக்கறவரு, முன்னாடி நின்னா பாடறவங்களுக்குத் தங்க சத்தம் கேக்க மேடையில வெக்கற மானிட்டர் பெட்டி மறைச்சிடும். 10 கம்பி, இடது கையில இரும்புத் துண்டு, கால் பெடல்ல, முட்டி ரெண்டும் லீவர்ல. கம்பிய மீட்டின பிறகு பெடலை மிதிச்சு சுருதிய இழுப்பாரு. அந்த அழுகை அங்கேர்ந்துதான் வருது.

அந்த மெதுவான பாட்டுல அந்த இழுப்பு வந்தப்பதான் நீ இடது உள்ளங்கைய காது மேல வெச்சு அழுத்தினே. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் அதே கைய மேல கொண்டு போய் முடிய ஒதுக்கற மாதிரி ஒதுக்கினே. மோதிரம் விளக்கு வெளிச்சத்துல மின்னினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. நான் பாத்தேன் மாப்ள. பாத்துட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நுரைப் பஞ்சு காது அடைப்பான் ஒரு ஜோடி என் சட்டைப் பையிலயே இருந்துது. அத எடுத்தா நகர்ந்து பின்னாடி போகணும்பியோன்னு எடுக்கல. மன்னிச்சுக்கோ.

ஆனா நீ? மறுநாள் காது அடைச்சிருக்கு, ரீங்காரம் நிக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னியா? ஒண்ணு ரெண்டு நாள்ல தெளிஞ்சிடுச்சுன்னா சரி, தெளியலன்னா அந்த வாரமே இ.என்.டி. டாக்டரப் பாக்கணும். நாள் தள்ளத் தள்ள அவங்க கையில வழி குறையும். நீ வருஷக் கணக்கா மூடி வெச்சு, கடைசியில காது கேக்கற சோதனை வரைபடம் ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளம், சத்தத்தால காது கெட்ட அடையாளம்னு தங்கச்சி வாயால நான் கேக்கணும். நல்லா இருக்குடா.

சரி, விடு. இந்தத் தடவை வடிகட்டி வெச்ச சிலிகான் அடைப்பான் வாங்கியிருக்கேன், உனக்கு நடு சைஸ். பஞ்சு உச்ச ஸ்தாயிய அதிகமா விழுங்கிடும், பிடில் கம்பளிக்குள்ள வாசிக்கற மாதிரி ஆயிடும். இது ஏறக்குறைய எல்லாத்தையும் ஒரே அளவுல 15 டெசிபல் போல இறக்கும், வார்த்தை புரியும். எதிர்க் கையத் தலைக்கு மேல கொண்டு போய் காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்துக்கிட்டு சொருகு. உன் குரலே உனக்குக் குடத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேட்டா சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம். முதல் பாட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டுடணும். பேசணும்னா கழட்டாதே, வெளி வராந்தாவுக்குப் போயிடலாம்.

அவங்களோட ‘பூட் ஸ்கூட்டின் பூகி’ பாட்டு வந்தா வரிசை கட்டி ஆடுவாங்க. நடைபாதையில காவலுக்கு நிக்கறவங்க விட மாட்டாங்க, சீட்டுக்கு முன்னாடியே பக்கவாட்டுல ரெண்டடி போதும். கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து கத்தறதும் காதுக்குக் கணக்குதான், அப்பவும் கழட்டாதே.

பை வேண்டாம். டிக்கெட்ட வீட்லயே போன் வாலட்ல சேர்த்துடு, வாசல்ல சிக்னல் இருக்காது.

உன் டிக்கெட்ட நேத்தே உனக்கு மாத்தி அனுப்பிட்டேன். நீ ஏத்துக்கிட்டா என் போன்ல தெரியும். இத எழுதற வரைக்கும் ‘பெண்டிங்’னுதான் காட்டுது.