வெற்றிக் கணக்கோடு எதிரணியின் பலத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை உதைபந்தாட்டப் பருவம் முடிந்தால், "இத்தனை ஆட்டத்தில் இத்தனை வெற்றி" என்று ஒரு பயிற்றுவிப்பாளரைத் தலையில் தூக்கி வைப்பதும், தோற்றவரை மாற்றச் சொல்லிப் பழைய மாணவர்கள் நெருக்குவதும் இங்கே வழமை. யாரோடு ஆடி வென்றார் என்று கேட்பார் இல்லை.

அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் (கையில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம், நம்முடையது அல்ல) இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட அணிகள், வழமையான பருவத்தில் ஆளுக்கு 12 ஆட்டம். எல்லோரும் எல்லோரையும் சந்திக்க வழியே இல்லை. அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்த கிறிஸ் பீட்டர்சனைப் பாருங்கள். 2006 முதல் 2013 வரை பொய்சி ஸ்டேட் அணியில் 92 வெற்றி, 12 தோல்வி. பிறகு இன்னும் கடினமான பிரிவில் ஆடும் வொஷிங்டன் அணிக்குப் போய் 2019 வரை 55 வெற்றி, 26 தோல்வி. வெற்றி வீதம் 88இலிருந்து 68க்கு இறங்கியது. ஆள் மங்கிவிட்டாரா? அங்கே இரண்டு தடவை பிரிவுச் சம்பியன், 2016 பருவத்தில் தேசிய அரையிறுதி. வீதத்தை மட்டும் பார்த்தால் அவர் தேய்ந்துபோனார் என்றுதான் எழுதியிருப்போம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1981 முதல் பாவித்த ஒரு கணக்கை சீ.ஆர். கொப்பியிலேயே போடலாம். நம் அணியின் வெற்றி வீதத்தில் கால் பங்கு, எதிரணிகளின் சராசரி வெற்றி வீதத்தில் அரைப் பங்கு, அந்த எதிரணிகள் சந்தித்த அணிகளின் வீதத்தில் கால் பங்கு. மூன்றையும் கூட்ட வேண்டும். சமநிலையை அரை வெற்றியாக எடுக்கலாம். எதிரணியின் வீதத்தை எடுக்கும்போது அது நம்மோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் நாம் வென்ற வெற்றியே எதிரணியைப் பலவீனமாகக் காட்டி நம் புள்ளியைக் குறைக்கும்.

உதாரணத்துக்கு, ஒருவர் 12 ஆட்டத்தில் 10 வெற்றி; எதிரணிகளின் சராசரி 0.30, மூன்றாம் எண் 0.50. கூட்டினால் 0.483. இன்னொருவர் 12இல் 6 மட்டுமே, எதிரணிகள் 0.60, மூன்றாம் எண் 0.55. அவருக்கு 0.5625. பாதி ஆட்டத்தை மட்டுமே வென்றவர் முன்னுக்கு நிற்கிறார்.

இதை அப்படியே நம்பவும் கூடாது. மிகப் பலவீனமான அணியை வென்றால் புள்ளி குறையும் விசித்திரம் இதில் உண்டு; ஆண்கள் கூடைப்பந்துக்காரரே 2018இல் இதைக் கைவிட்டார்கள். நமக்கு அதைவிடப் பெரிய சிக்கல் கல்வி வலயங்கள். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்தும் தமக்குள்ளேயே லீக் ஆடினால், ஒவ்வொரு வலயத்தின் சராசரியும் 0.50 ஆகத்தான் வரும், அங்கே அணிகள் எவ்வளவு பலமாக இருந்தாலும், எவ்வளவு சோடையாக இருந்தாலும். வலயங்களுக்கிடையே ஆட்டம் நடந்தால்தான் ஒப்பிட ஏதாவது கிடைக்கும். மாகாண மட்டம் வரை காத்திராமல், முழுப் பலத்தோடு இறங்கும் சிநேகபூர்வ ஆட்டங்களை வலயம் தாண்டி வைக்க வேண்டும். பதினொருவரையும் மாற்றிப் பரீட்சித்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதிரணி மைதானத்துக்கே வராமல் கிடைத்த வெற்றியையும் விட்டுவிடுங்கள். தண்ட உதையில் தீர்ந்த ஆட்டம் சமநிலைதான். பீபா தரவரிசையில் அப்படி வென்றவருக்கு 0.75, தோற்றவருக்கு 0.5 கொடுக்கிறார்கள், அதுவும் நியாயம்தான். முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிக்கு ஓர் ஆட்டம்தான் இருக்கும் என்பதால் விலகல் முறைச் சுற்றுப்போட்டியை வைத்து மட்டும் எவரையும் எடைபோட முடியாது. மூன்று பருவங்களைச் சேர்த்தால் ஓரளவு சரிவரும், ஆனால் வயதெல்லை தாண்டி எத்தனை பேர் வெளியேறினார்கள் என்றும் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை. முடிவை அச்சிடும்போது, எதிரணி அதுவரை ஆடியது, வென்றது, சமநிலை ஆகிய மூன்று எண்களையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மிச்சக் கணக்கை வாசகரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உதைபந்தாட்ட ஆர்வலர்,
யாழ்ப்பாணம்.