பத்திரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பத்திரங்களில் உள்ள முன்னோர் கையெழுத்துகளை வைத்துக் குடும்ப வரலாறு தேடுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நெடுங்காலம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டால் பாட்டன் கையெழுத்து கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஜெராக்ஸும் ஸ்கேனும் வருவதற்கு முந்தைய பத்திரங்களுக்கு அது நடக்காது. அந்தக் காலத்தில் பத்திரத்தை வரிக்கு வரி பார்த்துப் பதிவேட்டில் கையால்தான் எழுதி வைத்தார்கள். நகலில் பாட்டன் பெயர் இருக்கும், எழுத்து குமாஸ்தாவுடையது. அசல் கையெழுத்து வேண்டுமென்றால் வீட்டுப் பெட்டியில் உள்ள மூலப்பத்திரத்தைத்தான் தேட வேண்டும்.

கிடைத்ததும் அடியில் இருக்கும் கையெழுத்தோடு நிற்காமல் தாளைத் திருப்புங்கள். எழுதிக் கொடுத்தவரை இன்னார் என்று நிரூபித்தவர்களின் கையெழுத்து பின்பக்கத்தில் இருக்கும். கூடவே அவர்களின் தகப்பனார் பெயர், ஊர், தொழில். முன்பின் தெரியாதவரை யாரும் இதற்குக் கூட்டிப் போகமாட்டார்கள். மைத்துனரோ பங்காளியோ பக்கத்து வயல்காரரோதான் வந்திருப்பார். எங்கள் வீட்டுக் கிரயப்பத்திரம் ஒன்றில் அப்படிக் கையெழுத்துப் போட்டவரின் தகப்பனார் பெயரும் என் கொள்ளுத்தாத்தா பெயரும் ஒன்றாக இருக்கவே விசாரித்தோம். வீட்டில் யாரும் பேசாத பெரிய தாத்தா அவர். ஏன் பேசவில்லை என்பது வேறு கதை.

இனிஷியலையும் விடாதீர்கள். இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது பெரும்பாலும் ஊர். மூன்று தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊர் அந்த ஓரெழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும். தகப்பனார் 'தனக்காகவும் தன் மைனர் மகன்களுக்கு கார்டியனாகவும்' எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளின் பெயரோடு வயதும் போட்டிருப்பார்கள்; பத்திரத் தேதியிலிருந்து கழித்தால் பிறந்த வருஷம் ஏறத்தாழ வந்துவிடும்.

கட்டுரை பெண்களைப் பற்றிப் பேசாதது எனக்குக் குறையாகப்பட்டது. வம்சாவளியில் இடம்பெறாத பாட்டிகள் பத்திரத்தில் இருக்கிறார்கள், பெரும்பாலும் கைநாட்டாக. மசி அதிகமாகி ரேகையே தெரியாமல் ஒரு கறுப்புத் திட்டு, பக்கத்தில் எழுத்தர் கையால் 'இன்னார் பெண்சாதி' என்று பெயர். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன் கணவனை இழந்த பெண் நிலத்தை விற்றால், பின்னால் வழக்கு வராமலிருக்கப் பாத்தியதை கோரக்கூடிய பங்காளிகளையும் சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்த ஒரு தாளில் பாதி வம்சம் வந்துவிடும்.

பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. நிலத்தை விற்றால் மூலப்பத்திரமும் வாங்கியவர் கைக்குப் போய்விடும். கிரயத்துக்கு நாள் குறித்தவுடனே எல்லாத் தாள்களையும் இருபக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
மன்னார்குடி.