"குரல்நாண் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய காது மூக்குத் தொண்டை மருத்துவர்களுக்கு,

வணக்கம். "குரல்நாண் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, டென்ஷனைக் குறைச்சுக்குங்க." நான்கு ஆண்டுகளில் மூன்று மருத்துவர்களிடம் இதையே கேட்டுவிட்டேன். கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி இல்லை, வீக்கம் இல்லை. 'ஈ' என்று இழுக்கச் சொன்னார்கள். நாலு வாக்கியம் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் கோளாறோ பேச்சில்தான் இருந்தது.

அதன் பெயர் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா. பேசும்போது குரல்நாண்களை மூடும் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். உயிரெழுத்து வரும் இடத்தில் சொல் அறுந்துபோகும். ஆனால் சிரித்தால் குரல் வரும், கிசுகிசுத்தால் வரும், பலருக்குப் பாடினால்கூட வரும். 'மனசுதான் காரணம்' என்று நீங்கள் நினைப்பதற்கு இதுவே போதுமாகிவிடுகிறது. போனை எடுக்க நான் பயந்தேன், சரி. அந்தப் பயம் குரல் கெட்ட பிறகு வந்தது.

மூளை தசைகளை இயக்கும் விதத்தில் ஏற்படும் கோளாறு இது. சிகிச்சை நடப்பதோ நரம்பு தசையைத் தொடும் இடத்தில். நரம்பு நுனி அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால்தான் தசை சுருங்கும். போட்டாக்ஸ் என்ற ஊசிமருந்து அதை வெளியே விடாமல் தடுக்கிறது. நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் என்ற மருத்துவர் இதற்காகக் குரல்வளையில் போட்டாக்ஸ் ஊசி போடத் தொடங்கியது 1984இல். புது வைத்தியம் ஒன்றுமில்லை.

எனக்கும் கடைசியில் கழுத்தின் முன்பக்கம் வழியாக ஊசி இறங்கியது. தசையின் மின்துடிப்பை ஒலியாக்கிக் காட்டும் ஈ.எம்.ஜி. கருவியில் அதன் இரைச்சலைக் கேட்டு இடம் பிடித்தார்கள். முதல் இரண்டு வாரம் வெறும் காற்றுக் குரல், தண்ணீர் குடித்தால் புரையேறும். அப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் நிம்மதி. நரம்பு மறுபடி வேலையைத் தொடங்கியதும் மறுபடி ஊசி.

இதில் அளவுதான் பாடு. தசைகள் மிகச் சிறியவை. மூச்சுக்காகக் குரல்நாண்களைத் திறக்க இருப்பது ஒரே ஒரு ஜோடித் தசை. மருந்து கூடுதலாகப் பரவக் கூடாது. நரம்பு நுனிகள் அடர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் கொஞ்சம் மருந்தே போதும். ஆகவே நரம்பும் தசையும் சேரும் அந்த இடங்களின் வரைபடத்தை உடற்கூறியல் துறையினரோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஊசி போடாதவர்கள் போடுகிறவரிடம் அனுப்பிவையுங்கள். அதற்கு முன், கேமராவை எடுத்த பிறகு எங்களை இரண்டு நிமிடம் பேசவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை குரல் வாங்கிக்கொள்ளும் ஒருவர்