எமது வீட்டுத்தோட்டச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

கடந்த வருடம் நிர்வாக சபை ஆறு தடவையும் பொதுக்கூட்டம் மூன்று தடவையும் கூடின. நவம்பர் கடைசியில் வைத்திருந்த கூட்டம் வெள்ளத்தால் நடக்கவில்லை. தைப்பொங்கலுக்குக் கோயில் வளவில் பொங்கினோம். கன்றுகள் வழக்கம்போல் பகிர்ந்தளிக்கப்பட்டன. சிரமதானம் இரண்டு நடந்தது. மறைந்த அங்கத்தவர் இருவரின் வீடுகளுக்கும் சங்கத்தின் சார்பில் சென்று வந்தோம்.

இனி மண் பரிசோதனை. "வருசம் முழுக்க மண்ணைக் கிண்டினதுதான் இந்தச் செயலாளர் செய்த வேலை" என்றொரு பேச்சு ஆரையம்பதிக்குள் உலாவுவது எனக்குத் தெரியும். உண்மைதான், அதைத்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று சபைக்குச் சொல்வது என் கடமை.

தொடங்கியது ஒரு தேசி மரத்தில். நான் மாமி என்று கூப்பிடும் மூத்த அங்கத்தவர் ஒருவர் சித்திரையில் என்னை வளவுக்குள் கூட்டிப்போனார். மரம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஆனால் புதிதாக விட்ட இலைகள் சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தன. "பசளை காணாது மனே, போன கிழமையும் ரெண்டு பேக் கோழி எரு போட்டன்" என்றார். மரத்தடியைக் கிளறினேன். ஒரு சாண் ஆழத்துக்கு எருவும் உக்காத உமியும்தான், மண்ணைக் காணவில்லை.

கோழி எருவில் நைதரசனும், பொசுபரசைத் தரும் பொசுபேற்றும் ஏறக்குறையச் சரிசமமாக இருக்கும். மரக்கறிப் பயிரோ, நைதரசனில் நாலில் ஒரு பங்கு பொசுபேற்றுக் கிடைத்தாலே திருப்தியாக வளரும். பயிரின் நைதரசன் தேவைக்கென்று எருவை அள்ளிப் போட்டால் மீதிப் பொசுபரசு மண்ணில் தங்கிவிடும். நைதரசன் காற்றோடும் மழையோடும் போய்விடும், இது இலேசில் போகாது. மிஞ்சினால் நாகத்தையும் (துத்தநாகம்) இரும்பையும் பயிர் எடுக்கவிடாமல் மறிக்கும். சிப்பித்தூள் கலந்த எங்கள் மணலில் காரத்தன்மை வேறு இருக்கிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில் மஞ்சள் இலை பசியால் வந்ததல்ல. மாமி மருந்தென்று போட்டதுதான் நோயை வளர்த்தது.

இது மாமியின் பிழை மட்டுமல்ல. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எல்லோரும் கோழிப் பண்ணைக்கு ஓடினோம், நானும் ஓடினேன். நவம்பரில் தடை நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. 2023இல் நெற்செய்கைக்கென 36,000 மெட்ரிக் தொன் ரி.எஸ்.பி என்னும் பொசுபேற்று உரம் நாட்டுக்கு வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் உள்ள சிலர் அதில் மிஞ்சியதைக் கத்தரிப் பாத்திக்கும் தூவினார்கள். ரி.எஸ்.பியில் பொசுபேற்று 46 வீதம். இன்னொருவர் எப்பாவலயில் வெட்டியெடுக்கும் பாறைப் பொசுபேற்றை வாங்கிப் போட்டார். அது புளிப்பு மண்ணில் மெல்லக் கரையும், எங்கள் கடற்கரை மணலில் கல்லாகவே கிடக்கும்.

ஆகவேதான் எல்லாருடைய மண்ணையும் பரிசோதிக்கக் கேட்டேன். ஆனியில் இரண்டு சனிக்கிழமை வாசிகசாலையில் மண்வெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் பழைய செய்தித்தாளுமாகக் காத்திருந்தேன். தகரவாளி வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு, அதன் நாகப்பூச்சு மண்ணில் கலந்து கணக்கைக் கெடுக்கும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆறங்குலம் வெட்டி, குழியின் பக்கச்சுவரில் ஒரு கீற்றுச் சீவி எடுக்க வேண்டும். ஒரு வளவில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படி எடுத்துக் கலந்து, அரைக்கிலோ மட்டும் நிழலில் உலர்த்திப் பெயரெழுதித் தர வேண்டும். வேலை அவ்வளவுதான். 41 அங்கத்தவரில் 17 பேர் கொண்டுவந்தார்கள். வராதவர்களில் நிர்வாக சபையினரும் உண்டு. பெயர் சொல்லவில்லை, ஆனால் முதல் சனிக்கிழமை பின்னேரம் வரை தனியே இருந்தது எனக்கு வருத்தம்தான்.

முடிவு வரத் தாமதமானது, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். 17 வளவில் 12 வளவுகளுக்குப் பொசுபரசு "மிக உயர்வு" என்று வந்தது. என் வளவும் அதில் ஒன்று. அன்றிலிருந்து நான் ஒரு பிடி கோழி எருவும் போடவில்லை. மண்ணுக்குள் போனதைத் திருப்பி எடுக்கும் மருந்து கிடையாது. பயிர்தான் போகம் போகமாக இழுக்க வேண்டும், அதற்கு வருடங்கள் பிடிக்கும். அதுவரை கிளிசிறிடியாக் குழையும், தேவைப்பட்டால் அளவாக யூரியாவும் போதும். மஞ்சள் பூத்த தேசிக்கு நாக சல்பேற்றைக் கரைத்து இலைக்குத்தான் தெளிக்க வேண்டும். மாமியின் மரத்துக்கு விவசாயப் போதனாசிரியர் சொன்ன அளவில் தெளித்தோம். மார்கழியில் விட்ட கொழுந்து பச்சையாக வந்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

"பொசுபரசு அசையாது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். களிமண்ணில் அது பெரும்பாலும் சரி. மணலில் அதைப் பிடித்துவைக்கும் இடம் கொஞ்சம்தான். அது நிரம்பியதும் மாரி மழையோடு கீழிறங்கிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். வாவி ஓரம் பாசி படர்ந்து நாறினால் மீன் பிடிப்பவனுக்குத்தான் முதல் அடி. அவனும் எங்கள் ஊரவன்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பரிசோதனைக்கான செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது, அதனால் இம்முறை சுற்றுலா இல்லை. கையிருப்பு கடந்த வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. மாதம் 50 ரூபாய்ச் சந்தா கட்டாதோர் 19 பேர், சிலருக்கு இரண்டு வருட நிலுவை. கேட்டால் மனத்தாங்கல் வருகிறது, கேட்காவிட்டால் சங்கம் நடக்காது.

தலைவருக்கும், கணக்காய்வாளருக்கும், இடம் தந்த வாசிகசாலையாருக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும் நன்றி.

மீதி 24 வளவுகளின் மண்ணையும் இவ்வருடம் பரிசோதிக்க விரும்புகிறேன். புதிய செயலாளர் ஒருவரைச் சபை தெரிவுசெய்தால் பதிவேட்டையும் வாளியையும் மனதார ஒப்படைத்து, அவருடன் கூட நிற்பேன். என்னையே தொடரச் சொன்னால், நிலுவையில் பாதியாவது பங்குனிக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் மண் அனுப்பக் காசில்லை. பங்குனி கடைசி இரண்டு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு வாசிகசாலையில் இருப்பேன். மண் கொண்டுவருபவர்கள் அதற்கு முன் எரு போட வேண்டாம்.

செயலாளர்
ஆரையம்பதி, மட்டக்களப்பு