வேம்புக்கு ஒரு கடிதம்

ஆனைமலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் கருவாடும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தை நான் எடுத்துக்கொண்டேன், கருவாட்டை வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். இங்கே தென்னையை வெள்ளை ஈ விட்டபாடில்லை. காய்க்கு விலை இருக்கிறது, பறிக்கத்தான் காய் இல்லை.

போன மாசக் காற்றில் தோட்டத்து வீட்டுச் சாளை ஓரத்து வேப்பமரம் சாய்ந்துவிட்டது. நம் பரீட்சை லீவில் கட்டில் போட்டுப் படுத்துக்கிடந்தோமே, அதே மரம். ஆசாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வேம்பு காயக் காய முறுக்குமுங்க. கதவு நெலவுக்கு ஆவும், கட்டலுக்கு ஆவும். வேறெதுக்குங்க ஆவப்போவுது?" என்றார். அப்போது பதில் தோன்றவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான், நீ ஹாஸ்டல் மொட்டைமாடியில் சொன்ன அன்னபூரணி ஞாபகத்துக்கு வந்தாள்.

1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம், உடம்பு வேப்பமரம். சரக்கு ஏற்றி இறக்கப் பிறந்தவள். அவளைத் தேடி வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 32 அடிப் படகில் உலகத்தையே சுற்றி வந்தவர், சொந்தமாகக் கப்பல் பட்டறை வைத்திருந்தவர். மரம் தெரியாத ஆள் இல்லை, பார்த்துக்கொள். ஆனால் தன் மனைவி ஃப்ளோரன்ஸ் பெயரை அதற்கு வைத்தாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்னபூரணி என்ற பேருக்கு என்ன குறை?

1937இல் கிளம்பினார்கள். சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா. 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம். கப்பலை நடத்திப் போன தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, வல்வெட்டித்துறைக்காரர். நம்ம ஊரில் மாட்டுக் கொட்டாய்க்குத் தூண் போடுகிற மரம், அட்லாண்டிக் உப்பில் ஊறிக்கொண்டு அத்தனை தூரம் போயிருக்கிறது.

டாப்சிலிப் தேக்கு பம்பாய்க்குப் போய்க் கப்பலானதை இங்கே யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். மலை உச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கிவிட்டதால்தான் அந்தப் பேரே வந்தது. தேக்குக்கு அந்தக் கௌரவம் எப்போதும் உண்டு. வேம்புக்கு மாரியம்மன் நோம்பியோடு சரி. அம்மை இறங்கிவிட்டால் அந்தத் தழையும் குப்பைக்குத்தான்.

மறுநாள் ஆசாரியிடம் கதையைச் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "முறுக்கு எப்புடிங்க எடுத்தாங்க?" என்று ஒரே கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? நீதான் தூத்துக்குடியில் தோணி கட்டுகிறவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பலகை அறுத்து நிழலில் அடுக்கியிருக்கிறது. நீ பதில் போடும் வரை அதில் உளி வைக்கப்போவதில்லை என்கிறார் மனுஷன்.

உன் மூட்டுவலி எப்படி? தை நோம்பிக்குக் குடும்பத்தோடு வா.

அன்புடன்,
செல்வராசு