ஏழு முறை அவுட், சரி, எத்தனை பந்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் "டெஸ்டில் கோலியை இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் ஏழு முறை வீழ்த்தியிருக்கிறார், எண்கள் பொய் சொல்லாது" என்று எழுதியிருந்தீர்கள். எண்கள் பாவம், அவை வாயே திறக்கவில்லை, பேசியது நீங்கள்தான். அந்த ஏழில் நான்கு, 2014 இங்கிலாந்துத் தொடர் ஒன்றிலேயே விழுந்தவை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொட்டுத் தொட்டு, பத்து இன்னிங்ஸில் கோலி 134 ரன்தான் எடுத்தார். அப்புறம் 2018 என்று ஒரு வருடம் வந்தது. அதே இங்கிலாந்து, அதே ஐந்து டெஸ்ட், 593 ரன், ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட அவுட் இல்லை. தங்களுக்குத் தெரியாததா? எழுத இடம் இருந்திருக்காது. எதிர்ப் பக்கத்தில் ராசிபலன் மட்டும் முழுசாக இருக்கிறது.

கோலி ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 2018 எட்ஜ்பாஸ்டனில் கோலி 21-இல் இருந்தபோது ஆண்டர்சன் பந்தில் ஸ்லிப்பில் நின்ற இங்கிலாந்தின் மலான் கேட்சை விட்டார், கோலி 149 அடித்தார். பிடித்திருந்தால் உங்கள் ஏழு எட்டாகியிருக்கும். ஆண்டர்சன் போட்டது என்னவோ அதே பந்துதான்.

இருபது வருடம் மாவட்ட லீக்கில் ஸ்கோர் எழுதியவன் நான். ஒரு சீசனில் எங்கள் ஓப்பனர் ஒருவன், ஒரே இடக்கை ஸ்பின்னரிடம் மூன்று முறை அவுட். "இவனுக்கு அவன்தான் எமன்" என்று டீக்கடை வரை பேச்சு. என் நோட்டில் இருந்தது வேறு. ஒன்று, எதிர்முனை வேகப்பந்துக்காரன் ஆறு ஓவர் ரன்னே தராமல் கட்டிப்போட்டதில் பொறுமை போய், அந்த ஸ்பின்னரைத் தூக்கி அடித்து லாங் ஆனில் கேட்ச். இன்னொன்று, பேட்டில் பட்ட பந்துக்குக் கொடுத்த எல்பிடபிள்யூ. சத்தம் என் மேசை வரை கேட்டது. மூன்றாவதில்தான் உண்மையிலேயே ஏமாந்தான். அடுத்த சீசனில் பையனுக்கு டீமில் இடமில்லை. நோட்டை யாரும் கேட்கவில்லை.

டெஸ்டில் டெண்டுல்கரை ஆண்டர்சன் ஒன்பது முறை எடுத்தார், முரளிதரன் எட்டு என்பதை வைத்து யார் பெரியவர் என்று துணுக்கு போட்டீர்களே, அப்போதும் எழுதினேன். முழு ஸ்கோர் கார்டு போடுவதை நீங்கள் நிறுத்தியபோதும் எழுதினேன். இரண்டும் பிரசுரமாகவில்லை. பரவாயில்லை, தங்களுக்கு ஆயிரம் வேலை.

இனி 'இத்தனை முறை அவுட்' என்று போட்டால், பக்கத்தில் எத்தனை பந்து, எத்தனை ரன் என்று பொடி எழுத்திலாவது போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
திண்டுக்கல்