குஞ்சுகள் பறக்கும்வரை படகை நிறுத்துங்கள்

ஏரியைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பறவைகள் கூடு கட்டும் இந்த ஏரியில் படகுச் சவாரி எப்படித் தொடங்கியது, யார் யார் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கரையில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் படகு கூடுகள் இருக்கும் மரங்களுக்கு அடியிலேயே போய் நின்றது. பறக்கிற படம் வேண்டும் என்று யாரோ கை தட்டினார்கள். நாரை, கொக்கு, வக்கா எல்லாம் மொத்தமாக எழும்பிவிட்டன. அதுவரை ஒரு மஞ்சள் மூக்கு நாரை வெயிலை மறைத்துச் சிறகை விரித்து நின்றிருந்தது. அந்த நிழலில்தான் இரண்டு குஞ்சுகள் கிடந்தன. நாரை போனதும் இரண்டும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பக்கத்துக் கிளையில் சின்னக் கொக்கின் கூட்டில் காகம் இறங்கி, நீலப்பச்சை முட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றுக்கு வந்தது. படகு அப்போதும் நகரவில்லை.

பறவைகள் திரும்பி வந்துவிடும் என்பீர்கள். சரி, வரும். வருவதற்குள் என்ன ஆகிறது? முதல் முட்டை இட்டதுமே கொக்கு அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. கடைசியாகப் பொரித்தது அண்ணன்மாரோடு முட்டி மோதித்தான் இரை வாங்க வேண்டும். இரை குறைந்தால் முதலில் சாவது அதுதான். மிரண்ட குஞ்சுகள் தின்ற மீனையும் கக்கிவிடும். ஆண் குச்சி குச்சியாகக் கொண்டுவர, பெண் செருகிச் செருகிக் கட்டிய கூடு அது. தாயும் தந்தையும் கூட்டில் இல்லையென்றால் பக்கத்துக் கூட்டுப் பறவைகளே குச்சியை உருவிக்கொண்டு போய்விடும்.

தரையில் திரியும் விலங்குகளுக்கு எட்டாது என்றுதான் தண்ணீர் சூழ்ந்த மரங்களில் இவை கூடு கட்டுகின்றன. அந்தத் தண்ணீரிலேயே நீங்கள் படகு விடுகிறீர்கள். குஞ்சுகள் பறக்கும்வரை நிறுத்துங்கள் என்றுதான் முதல் மனுவிலும் கேட்டோம்.

எச்சம் நாறுகிறது என்று ஒருவர் புகார் சொன்னால் மறுநாளே கிளை வெட்ட ஆள் வருகிறது. கூடு இருக்கிற கிளையா என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எங்கள் மனுவுக்கு மட்டும் பதில் இல்லை. விடுமுறைக் கூட்டத்துக்கு இருக்கிற மதிப்பு முட்டைக்கு இல்லையா?

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. சின்னக் கொக்கு அடைகாப்பது மூன்று வாரத்துக்குச் சற்று மேல். நாரைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அப்புறம் நாரைக் குஞ்சு பறக்கச் சுமார் இரண்டு மாதம். அதுவரைக்கும் படகைக் கரையில் கட்டிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கரையில் நின்று பார்க்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே உத்தரவு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கரையில் நின்று பார்த்த ஒருவர்